பழைய ஜெர்மன் பிஸ்டலும் 'மேட்சிங்' பைத்தியமும்

கலெக்டர்னு சொன்னா நம்மாளுங்களுக்கு திங்கக்கிழமை மனுவோட வரிசையில நிக்கறதுதான் ஞாபகத்துக்கு வரும். நான் திட்டப்போறது அந்தக் கலெக்டரை இல்லை. (அவரைத் திட்ட தனி ஆளுங்க இருக்காங்க.) பழைய ஜெர்மன் ராணுவ பிஸ்டல்களை வாங்கித் துடைச்சு, கண்ணாடிப் பெட்டியில வச்சு, அதைப் பத்தி விடிய விடியப் பேசற கலெக்டர்கள் இவங்க. லூகர், வால்த்தர் பி.38, மவுசர் சி96, போலந்துல செஞ்ச விஸ், இதுங்கதான் அவங்க உலகம். பத்து வருஷமா நானும் அந்த உலகத்தோட ஓரத்துல நிக்கறேன். அமெரிக்காவுல இருக்கறதால சனி, ஞாயிறுல கன் ஷோ போறது சுலபம். அதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு டூல் ரூம்ல எட்டு வருஷம் குப்பை கொட்டினவன். அதனால ஒரு இரும்புத் துண்டைப் பார்த்தா இதை மில்லிங்ல ஓட்டினாங்களா, அரம் போட்டாங்களா, பஃபிங் பிடிச்சாங்களான்னு கண்ணு தானா தேடும். வியாதி மாதிரி.

அந்த வியாதியோட பார்த்ததுல தெரிஞ்ச விஷயத்தைத்தான் இங்கே கொட்டப்போறேன். 'எல்லா நம்பரும் மேட்சிங்' என்கிற ஒரே ஒரு சொல்லு இந்தப் பொழுதுபோக்கைக் குட்டிச்சுவராக்கிக்கிட்டு இருக்கு. முத்திரைகளைப் படிச்சு ஒரு துப்பாக்கி எங்கே பிறந்தது, யார் கையில போச்சுன்னு தெரிஞ்சுக்கறதுதான் சேகரிப்பு. இப்போ என்ன நடக்குது? விலை ஏத்தறதுக்காக அந்த முத்திரைகளையே திருத்தறாங்க. நம்ம ஊர்ல பழைய கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிச்சு, அதுக்கு மேல பெயிண்ட்ல திருப்பணி உபயதாரர் பேர் எழுதுவாங்களே, அதே வேலைதான்.

முதல்ல இந்த நம்பர் சமாச்சாரம் என்னன்னு பார்த்துடுவோம், புதுசா படிக்கிறவங்களுக்காக.

லூகர்னு உலகம் கூப்பிடற பிஸ்டலுக்கு ஜெர்மன் ராணுவம் வச்ச பேரு பி.08. ஹூகோ போர்ஷார்ட் 1893-ல செஞ்ச பெரிய, தூக்கவே சிரமமான பிஸ்டலை கியோர்க் லூகர் சின்னதாக்கி ஒழுங்கு பண்ணினார். சுவிட்சர்லாந்து 1900-ல வாங்கிக்கிச்சு, ஜெர்மன் கடற்படை 1904-ல, தரைப்படை 1908-ல. அதான் 08. மேலே முழங்கால் மாதிரி மடங்கற ஒரு மூட்டு இருக்கும். யுத்தப் படங்கள்ல ஜெர்மன் அதிகாரி இடுப்புல இருந்து உருவறது பெரும்பாலும் இதைத்தான்.

இதோட ஒவ்வொரு பாகமும் தொழிற்சாலையில கையால பொருத்திச் சரி பார்த்தது. ஒரு துப்பாக்கியோட பாகத்தை எடுத்து இன்னொண்ணுல போட்டா சில சமயம் உட்காரும், சில சமயம் உட்காராது. பத்து சிப்பாய்ங்க ஒரே மேஜையில பிரிச்சுப்போட்டு எண்ணெய் போட்டாங்கன்னா பாகங்கள் கலந்துபோகும் இல்லையா? அதுக்காகத்தான் நம்பர். சட்டம், குழல், மேல்பாகம் இதுல எல்லாம் முழு நம்பர். ட்ரிகர், பக்கத்தகடு, சேஃப்டி லீவர், மூட்டோட துண்டுகள் மாதிரி சின்னச் சின்ன பாகங்கள்ல கடைசி இரண்டு இலக்கம். மரக் கைப்பிடியோட உள்பக்கத்துலகூட இருக்கும். ஆக, இந்த நம்பர் பிறந்தது ஆர்மரர் வேலைக்காக. கலெக்டர் பெருமைக்காக இல்லை.

இன்னொரு விஷயம். நம்பர் 10000 வரைக்கும் ஓடும். அப்புறம் திரும்ப 1-லிருந்து, பின்னால ஒரு சின்ன எழுத்து சேர்த்து. அது முடிஞ்சா அடுத்த எழுத்து. பெரும்பாலும் வருஷம் மாறினா மறுபடி முதல்லேர்ந்து. அதனால ஒரே நம்பர்ல பல லூகர்கள் உலகத்துல உண்டு. தயாரிப்பாளர், வருஷம், நம்பர், கடைசி எழுத்து நாலும் சேர்ந்தாத்தான் அடையாளம். நம்பரை மட்டும் ஃபோன்ல சொல்லிட்டு "இது எந்த வருஷம்ங்க?"ன்னு கேக்கறது, டோர் நம்பரை மட்டும் சொல்லி வீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்ற மாதிரி.

இப்போ கொஞ்சம் கணக்கு. சின்ன பாகத்துல இருக்கறது வெறும் இரண்டு இலக்கம். 00-லிருந்து 99. அதாவது உதிரி பாகங்கள் நூறு இருக்கற ஒரு டப்பாவை வச்சிருக்கிற ஆளுக்கு, சராசரியா ஒரு பாகம் எந்தத் துப்பாக்கிக்கும் 'மேட்ச்' ஆகிடும். ஒரிஜினல் ட்ரிகரே இல்லாத லூகர்ல வேற ஒரு லூகரோட ட்ரிகர் உட்கார்ந்து, "எல்லா நம்பரும் மேட்சிங் சார்"னு மேஜைக்கு வருது. பொய்யுன்னு சொல்ல முடியாது. உண்மைன்னும் சொல்ல முடியாது. டப்பாவுல தேட நேரம் இல்லாதவன் என்ன பண்ணுவான்? பழைய நம்பரை அரத்தால தேய்ச்சு எடுத்துட்டு நம்பர் பஞ்ச் வச்சு ஒரு தட்டு.

இது எப்படித் தெரியும்னு கேட்டா, டூல் ரூம்ல பஞ்ச் பிடிச்சவனைக் கேளுங்க. தேய்ச்ச இடம் சுத்துப்புறத்தை விட ஒரு மயிரிழை பள்ளமா இருக்கும். வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா அலை தெரியும். 1, 4, 7 இந்த மூணு எண்ணும் ஆளைக் காட்டிக்கொடுத்துடும், ஏன்னா தொழிற்சாலை பஞ்ச்சோட வடிவம் வேற, இன்னைக்குக் கடையில கிடைக்கிற பஞ்ச்சோட வடிவம் வேற. மேகஸின் விஷயம் இதைவிட மோசம். பி.08-க்கு இரண்டு மேகஸின் குடுப்பாங்க. இரண்டுலயும் துப்பாக்கியோட நம்பர், இரண்டாவதுல கூடவே ஒரு கூட்டல் குறி. நம்பர் பொருந்தற மேகஸின் இருந்தா விலை கிடுகிடுன்னு ஏறும். ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே அடிப்பகுதியில புது நம்பர் அடிச்ச மேகஸின்கள் 'பாட்டி வீட்டுப் பரண்ல' கிடைக்க ஆரம்பிச்சுது :-)

அடுத்தது பூச்சு. 1930-கள் நடுப்பகுதி வரைக்கும் லூகருக்குப் போட்டது துரு வச்சுத் துரு எடுத்துப் பண்ற நீலம். ஆழமா, மென்மையா இருக்கும். ட்ரிகர், சேஃப்டி மாதிரி சின்ன பாகங்களைச் சூடாக்கி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்தாங்க. 1937 வாக்குல மவுசர் உப்புக் குளியல் முறைக்கு மாறினதும் சின்ன பாகங்களும் கறுத்துப்போச்சு. இந்த நிறமாற்றமே ஒரு தேதி முத்திரை. ஆனா நம்ம கலெக்டருக்கு உறை உரசி வெளுத்த முனை பிடிக்காது. பஃபிங் வீல்ல கொடுத்துப் பளபளன்னு பண்ணி, புதுசா நீலம் குளிப்பாட்டி, சின்ன பாகங்களுக்கு மஞ்சள் பூசிக் கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார வச்சுடுவார். பஃபிங் வீலுக்கு விளிம்பு தெரியாது, எழுத்து தெரியாது. கூர்மையா இருந்த ஓரம் மழுங்கும். ஊசித் துளையோட வாய் பள்ளமாகும். ஆய்வாளர் அடிச்ச கழுகு முத்திரை பாதி கரைஞ்சு கோழிக்குஞ்சாயிடும்.

பி.38 விஷயத்துல இது பச்சைக் கொலை. 1940-ல வால்த்தர் செஞ்ச பி.38-யையும் 1944-45-ல வந்த பி.38-யையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதலாவது நகை மாதிரி. இரண்டாவதுல மில்லிங் கட்டர் ஓடின தடம் ஏர் உழுத வயல் மாதிரி அப்படியே இருக்கும். தேய்க்க நேரம் இல்லை, ஆள் இல்லை, மேல அதட்டல். ஸ்ப்ரேவெர்க்னு ஒரு தொழிற்சாலை, 1938 மியூனிக் ஒப்பந்தத்துல செக்கோஸ்லோவாக்கியாகிட்ட இருந்து பிடுங்கின சுடேட்டன் பகுதியில, கிராட்டாவ் ஊர்ல. அவங்க குறியீடு சி.ஒய்.க்யூ. கடைசிக் காலத்துல அந்த அச்சோட 'ஒய்' எழுத்துக்கு வால் உடைஞ்சுபோச்சு. அச்சை மாத்தக்கூட இல்லை, அப்படியே அடிச்சுத் தள்ளினாங்க. அதனால பார்க்கறவங்களுக்கு சி.வி.க்யூ.ன்னு தெரியும். வால் உடைஞ்ச ஒரு எழுத்து, ஒரு போர்ப் பொருளாதாரம் நொறுங்கினதை எவ்வளவு அழகாச் சொல்லுது! அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோய் வழவழன்னு பாலிஷ் பண்ற மகானுபாவர்களை நான் நேர்ல பார்த்திருக்கேன். "ஒரிஜினலைவிட நல்லா இருக்கு பார்"னு காட்டறாங்க. ஆமாம் சாமி, அதுதானே பிரச்சினை.

சரி, நம்பரும் பூச்சும் போச்சு. இனி கதை வியாபாரம். இங்கேதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

'எஸ்.டி.'ன்னு கைப்பிடி முன்பக்கத்துல அடிச்ச லூகர் ஒண்ணு. விக்கறவர் குரலைத் தாழ்த்தி, "நாஜி உளவுத்துறை, எஸ்.டி. துப்பாக்கி"ன்னார். விலையும் அதுக்கேத்த மாதிரி. எழுத்துக்குப் பக்கத்துல நம்பர் இருந்த அமைப்பைப் பார்த்தாலே தெரியும், அது ஹிட்லர் வர்றதுக்கு முந்தின வைமர் காலத்து பிரஷ்ய போலீஸ் முத்திரை. எஸ் என்றால் ஷுட்ஸ்போலிட்சாய், அதாவது சீருடைப் போலீஸ். டி என்றால் டுசல்டார்ஃப் மாவட்டம். டுசல்டார்ஃப் தெருவுல ரோந்து போன ஒரு கான்ஸ்டபிளோட துப்பாக்கியை ஹைட்ரிஷோட ஆளுங்க கையில கொண்டுபோய்க் குடுத்துட்டாங்க. சொன்னேன். விக்கறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அடுத்த மாசம் அதே மேஜையில அதே கதையோட அதே துப்பாக்கி.

'பிளாக் விடோ'ன்னு ஒரு பேரு ரொம்பப் பிரபலம். கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட 1941, 42 மவுசர் லூகர். எந்த ஜெர்மன் சிப்பாயும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. போருக்கு அப்புறம் அமெரிக்காவுல ஒரு வியாபாரி சரக்கு தள்ளறதுக்காக வச்ச பேரு அது. இன்னைக்கு என்னவோ பெர்லின்ல இருந்து உத்தரவு போட்டு வச்ச பேரு மாதிரி பேசறாங்க. சி96-ல 'சிவப்பு 9' கதை இன்னும் சுலபம். 1916-ல பிரஷ்ய ராணுவம் 1,50,000 மவுசர் சி96 கேட்டுது, 9 மி.மீ. ரவைக்கு. அந்த பிஸ்டல் வழக்கமா 7.63 மி.மீ. சிப்பாய் தப்பான ரவையைப் போட்டுடக்கூடாதுன்னு கைப்பிடியில 9-ன்னு செதுக்கிச் சிவப்பு பூசினாங்க. இப்போ எந்தக் கைப்பிடியிலயும் 9 செதுக்கிச் சிவப்பு பூசலாம். தச்சர் போதும், ராணுவம் வேண்டாம்.

எஸ்/42 அல்லது வெறும் 42-ன்னு மூட்டு மேல இருந்தா அது வருஷம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. அது வருஷம் இல்லை, மவுசர் தொழிற்சாலையோட ரகசிய எண். வருஷம் குழலுக்குப் பின்னாடி, அறைக்கு மேல இருக்கும். அதுலயும் 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி'ன்னு எழுத்து போட்டு மறைச்சாங்க, வெர்சாய் ஒப்பந்தத்தை மீறி ஆயுதம் செய்யறது வெளியில தெரியக்கூடாதுன்னு. 1936-லிருந்து முழு வருஷமே அடிச்சாங்க. கூச்சம் எப்போ போச்சுன்னு ஒரு பிஸ்டல் சொல்லுது பாருங்க. இந்த மாதிரி விஷயத்தை ரசிக்கறதை விட்டுட்டு மேகஸின் நம்பர் பொருந்துதான்னு பூதக்கண்ணாடி பிடிச்சுக்கிட்டு இருக்காங்க.

இப்போ முக்கியமான சண்டைக்கு வர்றேன். 'ரஷ்யன் கேப்சர்'.

இரண்டாம் உலகப்போர்ல சோவியத் படை லட்சக்கணக்குல ஜெர்மன் ஆயுதங்களைக் கைப்பற்றிச்சு. அதையெல்லாம் கிடங்குகள்ல மொத்தமாப் பிரிச்சு, மொத்தமாக் கறுப்புக் குளியல் போட்டு, கையில கிடைச்ச பாகத்தை எடுத்துச் சேர்த்து, இடது பக்கம் ஒரு 'எக்ஸ்' அடிச்சு அடுக்கி வச்சாங்க. சிலதுல கழுகோட நகத்துல இருந்த ஸ்வஸ்திகாவை மட்டும் உளியால கொத்தி அழிச்சிருப்பாங்க. சோவியத் யூனியன் 1991-ல உடைஞ்சப்புறம் இதெல்லாம் சந்தைக்கு வந்துச்சு. கலெக்டர்கள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'மேட்சிங் இல்லை, ஒரிஜினல் பூச்சு இல்லை, இறக்குமதியாளர் பேர் வேற அடிச்சிருக்கு.' (அமெரிக்காவுல 1968 சட்டப்படி இறக்குமதி பண்றவர் பேரை அடிச்சாகணும்.) சுடறதுக்கு வாங்கலாம், சேகரிக்க லாயக்கில்லைன்னு ஒதுக்கிட்டாங்க.

ஏங்க, கொஞ்சம் யோசிங்க. 1917-ல பெர்லின் டி.டபிள்யூ.எம். தொழிற்சாலையில ஒரு லூகர் பிறக்குது. போர் முடிஞ்சு 1920-ல வைமர் அரசு, இது அரசாங்க சொத்துன்னு காட்ட அறைக்கு மேல 1920-ன்னு இரண்டாவது தேதி அடிக்குது. உடைஞ்ச பாகத்தை ஆர்மரர் மாத்தி, புதுப் பாகத்துல பழைய நம்பரையே அடிக்கறார். அப்புறம் கிழக்கு முனை. அப்புறம் சோவியத் கிடங்கு. கறுப்புக் குளியல். எக்ஸ். ஐம்பது வருஷம் பெட்டிக்குள்ள தூக்கம். அதுக்கப்புறம் அட்லாண்டிக் தாண்டி ஒரு மேஜைக்கு வருது. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா முழுக்க அந்த ஒரு கிலோவுக்கும் குறைவான இரும்புல எழுதியிருக்கு. இதுக்குப் பேரு 'குப்பை'. உறையை விட்டே வெளியில வராத, ஒரு நாளும் எங்கேயும் போகாத ஒண்ணுக்குப் பேரு 'பொக்கிஷம்'.

1920-ல வைமர் ஆர்மரர் நம்பரை மாத்தி அடிச்சா அது 'ஆர்சனல் ரீவொர்க்', மரியாதை உண்டு. 1946-ல சோவியத் ஆர்மரர் அதே வேலையைச் செஞ்சா அது சேதம். இரண்டு பேரும் செஞ்சது ஒரே வேலை. இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

இதுவரைக்கும் சொன்னது ரசனை சண்டைன்னு வச்சுக்கலாம். இனிமே சொல்லப்போறது அப்படி இல்லை.

கலெக்டர்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வாக்கியம் உண்டு: "எங்களுக்கு அரசியல் வேண்டாம், எங்களுக்கு எஞ்சினியரிங்தான்." நல்ல வாக்கியம். ஆனா குறியீட்டைப் படிக்க ஆரம்பிச்சா அது உங்களை மனுஷங்ககிட்டதான் கொண்டுபோய் விடும், வேற வழியே கிடையாது.

சிம்சன் & கோ, சூல். 1920-கள்ல வெர்சாய் கட்டுப்பாட்டுக்குள்ள இருந்த ஜெர்மன் ராணுவத்துக்கு இந்த வகை ஆயுதம் செய்ய அனுமதி கிடைச்ச நிறுவனம். சிம்சன் லூகர் கம்மியாத்தான் இருக்கு, அதனால கலெக்டர்கள் மத்தியில ராஜ மரியாதை. மூட்டு மேல இருக்கற பேரைப் பார்த்ததும் விலையை நினைச்சு எச்சில் ஊறும். அந்தப் பேரு யாரோடது? ஒரு யூதக் குடும்பத்தோடது. நாஜிகள் வந்ததும் துரிங்கியாவோட கௌலைட்டர் ஃபிரிட்ஸ் சாக்கல் அந்தக் குடும்பத்து மேல பொய் வழக்கு போட்டு, 1935-ல நிறுவனத்தையே பிடுங்கினார். குடும்பம் நாட்டை விட்டு ஓடித் தப்பிச்சுது. பிடுங்கின நிறுவனம் கொஞ்ச நாள்ல குஸ்ட்லாஃப் தொழிற்சாலைகளோட அடித்தளமாச்சு. அந்த குஸ்ட்லாஃப் தொழிற்சாலைதான் புக்கன்வால்ட் வதைமுகாமை ஒட்டி ஒரு ஆயுதப் பட்டறை கட்டிக் கைதிகளை வேலை வாங்கிச்சு. 1944 ஆகஸ்ட் 24-ல நேச நாட்டு விமானங்கள் அதைக் குண்டு போட்டு அழிச்சப்போ நூற்றுக்கணக்கான கைதிகளும் செத்தாங்க. சாக்கலை 1946-ல நியூரம்பர்க்ல தூக்குல போட்டாங்க, ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான பேரைக் கட்டாய வேலைக்குப் பிடிச்சுட்டு வந்ததுக்காக.

இவ்வளவும் ஒரு பேருக்குள்ள இருக்கு. ஆனா கன் ஷோ மேஜையில சிம்சன் லூகரைப் பத்தி நான் கேட்ட பேச்சு பூரா, எந்த ஆய்வாளர் எண் இருக்கணும், எத்தனை பெர்சென்ட் பூச்சு மிச்சம் இருக்குங்கறதுதான். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அந்தக் குடும்பம் என்ன ஆச்சுன்னு பேசிக் கேட்டதில்லை.

விஸ் பிஸ்டலை எடுத்துக்கோங்க. போலந்தோட ராடோம் தொழிற்சாலையில 1930-கள்ல போலந்து ராணுவத்துக்காகச் செஞ்சது. பக்கவாட்டுல போலந்து கழுகு, வருஷம். நல்ல உழைப்பு, பார்த்தாலே கும்பிடத் தோணும். 1939-ல ஜெர்மனி பிடிச்சப்புறம் அதே தொழிற்சாலையில தங்களுக்காகச் செய்ய வச்சாங்க. முத்திரை பி.35(பி), ஆய்வாளர் எண் கழுகு 77. ஆனா குழலை மட்டும் ராடோம்ல செய்ய விடலை. ஆஸ்திரியாவுல ஸ்டெயர்ல இருந்து வரும். ஏன்னா, முழு பிஸ்டலும் ஒரே இடத்துல இருந்தா போலந்துத் தொழிலாளிகள் அதைத் தலைமறைவுப் படைக்குக் கடத்திடுவாங்கன்னு பயம். பயம் நியாயமானதுதான். பாகம் பாகமா அவங்க கடத்தினாங்க, குழலை ரகசியப் பட்டறையில கடைஞ்சாங்க. கண்டுபிடிச்சதும் 1942 அக்டோபர்ல தொழிலாளிகளைப் பொது இடத்துல தூக்குல தொங்கவிட்டாங்க, மத்தவங்க பார்க்கணும்னு.

இப்போ ஒரு விஸ் பிஸ்டல் உங்க கையில இருக்கு, குழலும் சட்டமும் ஒத்துப்போகலை, குழல்ல எந்த முத்திரையும் இல்லைன்னு வையுங்க. 'மேட்சிங்' பைத்தியம் பிடிச்சவர் என்ன பண்ணுவார்? குழலைக் கழட்டி எறிஞ்சுட்டு, கழுகு முத்திரை போட்ட 'சரியான' குழலைத் தேடி வாங்கி மாட்டுவார். அவர் எறிஞ்ச குழல் ஒரு கடையில வாங்கின உதிரியா இருக்கலாம். ராடோம்ல யாரோ உயிரைக் கொடுத்துக் கடைஞ்சதாவும் இருக்கலாம். சோதிச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடியே குப்பைத் தொட்டிக்குப் போயிடுச்சு. அதுதான் எனக்கு வயிறு எரியுது.

வால்த்தர் நிறுவனம் ஹாம்பர்க் பக்கத்துல நாயன்காமெ வதைமுகாமுக்குள்ளயே துப்பாக்கிப் பாகம் செய்யற தொழிற்சாலை நடத்திச்சு. அந்தக் கட்டடம் இன்னைக்கும் நினைவிடத்தோட பகுதியா நிக்குது. மவுசரோட ஓபர்ன்டார்ஃப்ல ஆயிரக்கணக்கான வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளிகள். அதனால 1944 பிஸ்டல்ல இருக்கற கோணல் மில்லிங் தடத்தைப் பார்த்து "தரம் போச்சு"ன்னு உதட்டைப் பிதுக்கும்போது, அந்த மெஷின் முன்னாடி யாரை நிக்க வச்சிருந்தாங்க, சாப்பிட என்ன குடுத்தாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. மெஷின் முன்னாடி நின்னவன் சொல்றேன். நல்லா சாப்பிட்டுட்டு எட்டு மணி நேரம் நின்னாலே கடைசி ஒரு மணி நேரத்துல கை தடுமாறும்.

எதிர்க்கேள்விகள் வரும்னு தெரியும். இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு: "ஒரிஜினல் பூச்சோட, கைபடாம இருக்கற துப்பாக்கிக்கு மதிப்பு அதிகம் இருக்கறதுல என்ன தப்பு?" ஒரு தப்பும் இல்லை. அப்படி ஒண்ணு கிடைச்சா அது மத்ததையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க உதவற அளவுகோல். எர்ஃபுர்ட் அரசு ஆலையில செஞ்ச லூகர்ல கிட்டத்தட்ட ஒவ்வொரு சின்ன பாகத்துலயும் கிரீடம் போட்ட ஆய்வு முத்திரை இருக்கும். கைபடாத ஒண்ணு இருந்தாத்தான் அந்த வரிசை நமக்குப் புரியும். என் வழக்கு அதோட இல்லை. அந்த ஒண்ணு மாதிரி ஆகணும்னு மத்த தொண்ணூத்தொம்பதையும் அரம் போட்டுத் தேய்க்கறதோடதான். போலி செய்யறவனைத் திட்டறோம். ஆனா 'மேட்சிங்னா இரண்டு மடங்கு'ன்னு விலை சொன்னது யார்? அவனுக்கு வேலை குடுத்தது நாமதான்.

அந்தப் பக்கத்துல இருந்து இன்னொண்ணு, இது நம்ம பதிவுலக நண்பர்கள்கிட்ட இருந்து கண்டிப்பா வரும்: "நாஜி துப்பாக்கியை எதுக்குய்யா சேகரிக்கணும்? உருக்கித் தொலைங்க." கோபம் புரியுது. ஸ்வஸ்திகா போட்டதுன்னா கண்ணு மின்னற ஆசாமிகள் இந்த உலகத்துல இருக்காங்க, அவங்க மேஜைப் பக்கம் நான் போறதில்லை. ஆனா உருக்கினா யாருக்கு லாபம்? சிம்சன் குடும்பத்தோட பேரு இரும்புல இருக்கு. ராடோம் தொழிலாளியோட கைத்தடம் இரும்புல இருக்கு. அதை உருக்கறதும் பஃபிங் வீல்ல தேய்க்கறதும் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். ஐரோப்பிய யூனியன்ல 2016-லிருந்து செயலிழக்கச் செய்யற விதிகளைக் கடுமையாக்கி, உள்ளே வெட்டி வெல்டிங் வச்சு அடைக்கச் சொல்றாங்க. சுட முடியாதபடி பண்ணணும், சரிதான், அதுல எனக்கு மறுப்பே இல்லை. வெட்டறதுக்கு முன்னாடி உள்பக்கம் இருக்கற முத்திரைகளை ஒரு படம் எடுத்து வைக்கணும்னு ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கடைசியா, உங்க கையிலயோ உங்க மாமனார் கையிலயோ இப்படி ஒண்ணு இருந்தா (வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க சிலர்கிட்ட இருக்கு, தெரியும்): முதல்ல காலியா இருக்கான்னு பாருங்க, அப்புறமும் இன்னொரு தடவை பாருங்க. வாஷிங் பவுடர், எமரி பேப்பர், பிராஸ் பாலிஷ் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீங்க. மெல்லிசா எண்ணெய், பருத்தித் துணி, அவ்வளவுதான். கூட வந்த உறை, மேகஸின், கசங்கின காகிதம் எதையும் பிரிச்சுத் தனியா வித்துடாதீங்க. அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்ததுன்னா மேலதிகாரி கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு இருக்கலாம், அதுல நம்பர் எழுதியிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் சாய்வு வெளிச்சத்துல வச்சுப் படம் எடுங்க. பொருந்தாத பாகத்துக்கு முதல் மரியாதை குடுத்து, அதை இரண்டு படம் எடுங்க.

டிஸ்கி: இந்தியாவுல 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸ்ல வராது. அதனால "பாஸ், ஊருக்கு வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வாங்க"ன்னு மெயில் போடற அன்பர்கள் வழக்கம்போல சாக்லேட்டோட திருப்தி அடையவும் :-)